லோடு ஏன் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை?

கேள்வி இதுதான். கோவையில் அபார்ட்மென்ட்டும் தனி வீடும் கட்டித்தரும் ஒருவர் கேட்கிறார்: ஒரே சமயத்தில் நான்கைந்து சைட் ஓடுகிறது. ஒரு சைட்டில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வராமல் கொத்தனார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னொரு சைட்டில் எப்போதோ இறக்கிய கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறது. ரேட்டை அடித்துப் பேசித்தான் வாங்குகிறோம், ஆனாலும் எஸ்டிமேட்டைத் தாண்டிவிடுகிறது. சப்ளை செயினைச் சீர்படுத்த என்ன வழி, எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

சாஃப்ட்வேரைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன்னால் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம். லோடு தாமதமாக வந்தால் லாரிக்காரரைத் திட்டுவோம், கல் உடைத்துத் தரும் கிரஷரைத் திட்டுவோம். பெரும்பாலான சமயம் கோளாறு நாம் சொல்லும் தேதியில்தான் இருக்கும். வியாழக்கிழமை தளம் போடுகிறோம் என்று ஜல்லி கேட்போம். புதன் சாயங்காலம் பார்த்தால் பால்கனிப் பக்கம் கம்பி கட்டி முடிந்திருக்காது. தளம் சனிக்கிழமைக்குப் போகும். ஜல்லி வியாழனே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், அல்லது பாதி வழியில் திருப்பி அனுப்பப்படும். இரண்டு முறை இப்படி நடந்தால் போதும், "இவர் வியாழன் என்றால் சனி" என்று சப்ளையர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார். அடுத்த முறை நீங்கள் நிஜமாகவே வியாழனுக்குக் கேட்டால் வண்டி வேறு பார்ட்டியிடம் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு லாரி ஒரு நாள் சும்மா நின்றால் டிரைவர் பேட்டா, வண்டிக் கடன் டியூ எல்லாம் கைக்காசு.

இரண்டாவது கோளாறு பணம். சொன்ன தேதியில் பேமென்ட் வராத பார்ட்டிக்கு, தட்டுப்பாடு வரும் நாளில் முதல் லோடு போகாது. ஆகவே என் பதில் முழுவதும் இந்த இரண்டையும் சுற்றித்தான்: தேதியை நம்பும்படி ஆக்குங்கள், பணத்தை நாள் தவறாமல் கொடுங்கள். ரேட் பேசுவது இதற்கெல்லாம் பிறகு.

தேதி விஷயத்தில் நாம் மட்டும் மோசம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் 1990களில் பல கட்டுமானத் தளங்களின் வாரத் திட்டங்களை எடுத்து, எழுதியதில் எவ்வளவு அந்த வாரத்துக்குள் முடிந்தது என்று பார்த்தார்கள். சராசரியாகப் பாதியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். அதிலிருந்து வந்த முறைக்கு 'லாஸ்ட் பிளானர்' என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் செய்ய வேண்டியது எளிது. வேலையை நேரடியாக நடத்துபவர்தான், அதாவது நம் ஊரில் மேஸ்திரியும் சைட் இன்ஜினீயரும்தான், அடுத்த வாரம் என்ன முடியும் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து பார் சார்ட் (வேலை அட்டவணை) போடுபவர் கொடுக்கும் வாக்கு செல்லாது. தடை ஏதும் மிச்சமில்லாத வேலையை மட்டும்தான் வாரத் திட்டத்தில் ஏற்ற வேண்டும்.

தளம் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் முட்டு சரியாக நிற்கிறதா, கம்பி கட்டி முடிந்ததா, எலக்ட்ரீஷியன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்துவிட்டாரா, பாத்ரூம் பள்ளம் விட்ட இடத்தில் பிளம்பர் பார்த்தாரா, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாரா, போட்ட கான்கிரீட்டை நனைத்துவைக்கும் கியூரிங்குக்குத் தண்ணீர் இருக்கிறதா. இதில் எலக்ட்ரீஷியன்தான் எப்போதும் கடைசி ஆள். ஏன் என்று கேட்காதீர்கள், எந்த ஊரிலும் அப்படித்தான். இத்தனையும் முடிந்தது என்று 48 மணி நேரத்துக்கு முன் உறுதியானால்தான் கான்கிரீட்டுக்குத் தேதி கொடுக்க வேண்டும். அதற்கு முன் சப்ளையரிடம் "இந்த வாரம் இருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவையுங்கள். உத்தேசத் தேதி வேறு, உறுதித் தேதி வேறு என்று அவருக்குப் புரிந்துவிட்டால், உறுதித் தேதிக்கு அவர் தரும் மரியாதையே மாறிவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் திட்டத்தில் எழுதியது எத்தனை, முடிந்தது எத்தனை என்று எண்ணுங்கள். முடியாததற்குப் பக்கத்தில் காரணம் ஒரே வரி. இரண்டு மாதத்தில் அந்தக் காரணப் பட்டியலே உங்கள் சப்ளை செயினில் எங்கே ஓட்டை என்று காட்டிவிடும். பாதிக் காரணங்கள் சப்ளையரைப் பற்றியதாகவே இருக்காது.

பிளான்ட்டிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் நாள் மட்டும் சரியாக இருந்தால் போதாது, நிமிடமும் சரியாக இருக்க வேண்டும். 1,500 சதுர அடித் தளம், ஐந்து அங்குல கனம், பீம்களோடு சேர்த்து 24 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டுவரும் டிரான்சிட் மிக்சர் லாரி ஒன்றில் 6 கன மீட்டர் என்றால் நான்கு வண்டி. பிளான்ட்டில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் வண்டியைக் காலி செய்துவிட வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ்) 4926 சொல்லும் பொது விதி. பம்ப் வைத்து ஒரு வண்டியை இறக்க அரை மணி முதல் நாற்பது நிமிடம் ஆகும். நான்கு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வந்து தெருவில் வரிசையாக நின்றால், நான்காவது வண்டி இறங்கி முடியும்போது ஏற்றி மூன்று மணி நேரத்தை நெருங்கியிருக்கும். கான்கிரீட் கெட்டியாகிவிடும், பம்ப் தள்ளாது. அப்போது டிரைவர் என்ன செய்வார்? டிரம்முக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார். மேலே நிற்பவர்களுக்கும் வேலை சுலபம், யாரும் கேட்க மாட்டார்கள். எம்25 தரக் கான்கிரீட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதற்குக் குறைவான ஒன்றைத் தளத்தில் கொட்டிக்கொண்டிருப்போம். இதற்கு நேர்மாறாக, இரண்டாவது வண்டிக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் இடைவெளி விழுந்தால், ஏற்கெனவே போட்டது இறுகி, புதியது அதோடு ஒட்டாமல் கோல்ட் ஜாயின்ட் விழும். முதல் மழையில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும்.

இதற்கு வைத்தியம் சாதாரணமானது. முதல் வண்டி காலை 7 மணிக்கு, அப்புறம் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். சைட்டில் ஒருவர் பிளான்ட்டில் வண்டி அனுப்புபவரோடு போனில் தொடர்பில் இருக்கட்டும். பம்ப் அடைத்துக்கொண்டால் உடனே அடுத்த வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லலாம். ஒவ்வொரு வண்டியின் பேட்ச் சிலிப்பிலும் ஏற்றிய நேரம் அச்சாகியிருக்கும், இறக்கும் முன் அதைப் பாருங்கள். கடைசி வண்டியில் எவ்வளவு வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லாமல், மூன்றாவது வண்டி இறங்கும்போது மிச்சமுள்ள இடத்தை டேப் போட்டு அளந்து சொல்லுங்கள். அரை கன மீட்டர் மிஞ்சினால் அதைக் காம்பவுண்ட் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள், பில் முழுதாக வரும்.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கட்டுக்கம்பி, ஆணி, பிவிசி எல்போ இதெல்லாம் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைப்பவை. சைட் இன்ஜினீயருக்கு வாரம் இவ்வளவு என்று ஒரு கைச்செலவுத் தொகையைக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். ஐம்பது ரூபாய் சாமானுக்கு இன்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) போட்டு, ஆபீஸ் அப்ரூவல் வாங்கி, மூன்று கொட்டேஷன் கேட்பதில் போகும் நேரம்தான் விலை அதிகம்.

உண்மையில் கவனம் வேண்டியது வர நாளாகும் பொருட்களில். லிஃப்ட்டை எடுங்கள். பலர் கட்டடம் எழும்பிய பிறகு ஆர்டர் செய்யலாம் என்று இருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் கீழே பிட் (குழி) ஆழமும் மேலே விட வேண்டிய உயரமும் மாறும். லிஃப்ட் கிணறு கட்டுவதற்கு முன்பே மாடலை முடிவு செய்து அவர்கள் டிராயிங்கை வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய கிணற்றுக்குப் பொருந்தும் லிஃப்ட்டைத் தேடி அலைய வேண்டியதுதான், அப்போது பேரம் பேச நமக்கு வாயே இருக்காது. கண்ணாடி ஜன்னலும் அப்படித்தான். டஃபன்ட் கிளாஸை (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) தயாரித்த பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது, வெட்டினால் முழுவதும் சிதறிவிடும். ஆகவே பூச்சு முடிந்த பிறகுதான் அளவு எடுக்க முடியும், அளவு எடுத்த பிறகுதான் தயாரிப்பு தொடங்கும். இந்த இடைவெளியை அட்டவணையில் யாரும் எழுதுவதில்லை, கிரகப்பிரவேசத் தேதி குறித்த பிறகுதான் நினைவுக்கு வரும். அடுக்குமாடி என்றால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மின் இணைப்புக்குமான விண்ணப்பமும் இதே ரகம்.

டைல்ஸுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைகளில் இருக்கும் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. ஒரே டிசைன், ஒரே பெயர் என்றாலும் தயாரிப்பு பேட்ச் மாறினால் நிறச்சாயல் மாறும். ஹாலுக்கு 40 பெட்டி வாங்கி, நான்கு பெட்டி பற்றாமல் இரண்டு மாதம் கழித்து வாங்கினால், விளக்கைப் போட்டதும் அந்த மூலை தனியாகத் தெரியும். பெட்டியின் மேல் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் இருக்கும். இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். வெட்டும் சேதாரத்துக்கும் பின்னாளில் ரிப்பேருக்கும் சேர்த்து முதலிலேயே கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிடுங்கள். இதில் மிச்சம் பிடிப்பது வேண்டாத வேலை.

இப்போது உங்கள் துருப்பிடித்த கம்பிக்கு வருவோம். டன்னுக்கு 500 ரூபாய் குறைகிறதே என்று மொத்தமாக இறக்கியிருப்பீர்கள். கம்பி விலை டன் 60,000 என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஒரு டன் கம்பி ஒரு மாதம் சும்மா கிடந்தால் 600 ரூபாய். மிச்சம் பிடித்த 500 முதல் மாதமே போய்விட்டது. அதற்குமேல் துரு, திருட்டு, இடம் மாற்றும் கூலி எல்லாம் தனி. விலை ஏறும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாங்கி வைப்பது வேறு விஷயம், அது வியாபாரச் சூதாட்டம், தெரிந்து ஆடலாம். மற்றபடி, ரேட்டை மட்டும் இப்போதே பேசி முடித்துக்கொண்டு, தளத்துக்குத் தளம் பிரித்து இறக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகப் பணம் கொடுக்கும் பார்ட்டிக்குப் பெரும்பாலான டீலர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கம்பியில் பணம் போகும் இன்னொரு வழி துண்டுகள். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 4.2 மீட்டர் துண்டு வேண்டுமென்றால் ஒரு கம்பியில் இரண்டு வெட்டியதும் 3.6 மீட்டர் மிஞ்சும். அந்த 3.6 எங்கே உபயோகப்படும் என்று வெட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தால் அது பொருள், தெரியாவிட்டால் பழைய இரும்பாக எடைக்குப் போகும். பார் பெண்டிங் ஷெட்யூலை (எந்த அளவில் எத்தனை கம்பி வெட்டி வளைப்பது என்ற பட்டியல்) பில்லுக்காக மட்டும் போடாமல், எந்தக் கம்பியில் எது எது வெட்டுவது என்று சேர்த்துப் போட்டு வெட்டுபவர் கையில் கொடுக்க வேண்டும். வெட்டி வளைத்தே அனுப்பும் யார்டுகளும் இருக்கின்றன. கூலியைக் கூட்டிப் பார்த்து ஒரு சைட்டில் முயன்று பாருங்கள்.

சிமென்ட்டில் சேர்த்துவைக்கும் ஆசையே கூடாது. ஐஎஸ் 4082 சொல்வது: சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து உயர்த்திய பலகை மேல், பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமென்ட்டைச் சோதிக்காமல் போடக் கூடாது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் ஷெட்டுக்கு ஒரே வாசல் இருந்தால் புதிதாக வந்தது முன்னால் அடுக்கப்பட்டு, பழையது சுவரோரம் கெட்டிபட்டுப் போகும். இரண்டு வரிசையாகப் பிரித்து நடுவில் ஆள் போக வழி விட்டாலே இது தீர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரத்துக்குத் தேவையானதை மட்டும் இறக்குங்கள்.

இறக்கும் இடத்தில் நடப்பதையும் பார்த்துவிடலாம், எஸ்டிமேட்டைத் தாண்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எம்-சாண்ட் லாரி வருகிறது. பாடி 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, கிட்டத்தட்ட 3 யூனிட். நடுவில் குவித்து ஓரங்களில் தாழ்ந்திருந்தால் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். சமன் செய்து பார்த்தால் மூன்று அங்குலம் குறையும். 14 பெருக்கல் 7 பெருக்கல் கால் அடி, 24.5 கன அடி, அதாவது கால் யூனிட்! லோடுக்குக் கால் யூனிட், சைட்டுக்கு எத்தனை லோடு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மணல் ஈரமாக இருந்தால் உப்பிப் பெருகும், கன அடிக் கணக்கில் கூடுதலாகக் காட்டும். சரி, எடைக்கு வாங்கலாம் என்றால் ஈரத்தின் எடைக்கும் காசு. இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். எடைக்கு என்றால் அவர்கள் சொல்லும் எடை மேடையோடு நிறுத்தாமல், எப்போதாவது முன்னறிவிப்பு இல்லாமல் வேறொரு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். குவாரித் தூளையே எம்-சாண்ட் என்று அனுப்புவதும் உண்டு. பொதுப்பணித்துறை அங்கீகாரம் உள்ள கிரஷரிடம் வாங்குங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு பாட்டிலில் அந்த மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்து, மேலே எவ்வளவு தூள் படிகிறது என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் லேபுக்கு அனுப்புங்கள். ஐஎஸ் 383ன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், உடைத்தெடுத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம் வரை போகலாம் என்று இருக்கிறது. அதைத் தாண்டினால் தண்ணீர் அதிகம் குடிக்கும், பூச்சு வெடிக்கும்.

கம்பிக்கு ஒரு தராசு போதும். 8 எம்எம் கம்பி 12 மீட்டருக்கு 4.74 கிலோ, 12 எம்எம் 10.66 கிலோ. இந்த எடையில் கூடக் குறைய இருக்க ஐஎஸ் 1786 கொடுக்கும் சலுகை 10 எம்எம் வரை 7 சதவீதம், அதற்குமேல் 16 எம்எம் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 3 சதவீதம். ஒவ்வொரு லோடிலும் சில கம்பிகளை நிறுத்து எழுதுங்கள். பீஸ் கணக்கில் வாங்கி எடை குறைந்தால் உங்கள் பணம் போச்சு. எடைக் கணக்கில் வாங்கி எடை குறைந்தால் பணம் போகாது, ஆனால் டிசைனில் போட்ட இரும்பு கட்டடத்தில் இருக்காது. இரண்டாவதுதான் மோசம்.

திடீர்த் தட்டுப்பாடு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021ல் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகள் மூடப்பட்டபோது கோவை முழுக்கக் கல்லுக்கு அலைந்தது. 2025 ஏப்ரலில் கனிம வரியை எதிர்த்துக் கிரஷர்கள் ஸ்டிரைக் செய்தபோது ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் அதே கதி. இப்படிப்பட்ட நாட்களில் ரேட் பேசித் திரிந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் வாங்குவதும் ஆபத்து, லோடுக்கு லோடு ஆளை மாற்றுவதும் ஆபத்து. கிணத்துக்கடவுப் பக்கம் ஒருவர், பல்லடம் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேரை வைத்து, முக்கால் பங்கு ஒருவரிடம், கால் பங்கு மற்றவரிடம் என்று ஆண்டு முழுக்க வாங்குங்கள். கால் பங்குக்காரரை அவ்வப்போது மட்டும் கூப்பிட்டால் நெருக்கடியில் அவர் போன் எடுக்க மாட்டார். மழைக்காலத்தில் சூளை ஓடாது என்பது தெரிந்ததுதானே, செங்கல்லை மட்டும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கொஞ்சம் முன்கூட்டி வாங்கி வைக்கலாம். அது கெட்டுப்போகாது, துருப்பிடிக்காது. மாற்றுப் பொருளையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். செங்கல் இல்லை என்றதும் ஏஏசி பிளாக்குக்கு (எடை குறைந்த கான்கிரீட் கல்) தாவ முடியாது. சுவரின் எடை, ஒட்டும் கலவை, பூச்சின் கனம் எல்லாம் மாறும், டிராயிங் நிலையிலேயே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் இரண்டுக்கும் ஒப்புதல் தந்திருந்தால்தான் உதவும். வீட்டுக்காரரோடு போடும் ஒப்பந்தத்திலும், சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் யார் ஏற்பது என்று ஒரு வரி இருக்கட்டும். இறங்கினால் அவருக்குக் குறைத்துக் கொடுப்பதும் அதே வரியில் இருந்தால் மறுக்க மாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியபோது இந்த வரி இல்லாத ஒப்பந்தங்களில் நல்ல சண்டை நடந்தது.

இடமே இல்லாத சைட் இருந்தால் ஒழுங்கு தானாக வரும் என்பதற்கு எம்பயர் ஸ்டேட் கட்டடம் நல்ல உதாரணம். 1930 மார்ச்சில் வேலை தொடங்கி 1931 மே 1 அன்று திறந்துவிட்டார்கள். மன்ஹாட்டன் நடுவில் பொருள் இறக்கிவைக்க இடம் ஏது? 57,000 டன் இரும்பும், எந்தத் துண்டு எந்த இடத்துக்கு என்று எண் போட்டே வந்தது, வந்ததும் மேலே ஏறியது. ஏறக்குறைய ஒரு கோடிச் செங்கல்லைத் தெருவில் அடுக்கவே இல்லை. லாரியிலிருந்து சரிவு வழியாக அடித்தளத்தில் இருந்த தொட்டிக்குள் கொட்டி, அங்கிருந்து தள்ளுவண்டியில் ஏற்றி ஹாயிஸ்ட்டில் (பொருள் தூக்கும் லிஃப்ட்) அனுப்பினார்கள். மாடிகளில் அந்த வண்டி ஓடச் சின்னத் தண்டவாளம் இருந்தது. கையால் எடுத்து வைப்பது குறையக் குறைய உடைசலும் கூலியும் குறையும். ஒரு செங்கல் சுவரேறும் முன் எத்தனை முறை இறக்கி ஏற்றப்படுகிறது என்று உங்கள் சைட்டில் ஒருநாள் எண்ணிப் பாருங்கள். லோடு இறக்கும் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லாரி டிரைவர்தான், அவருக்கு ரிவர்ஸ் எடுக்க எங்கே வசதியோ அங்கே. ஒவ்வொரு கட்டத்துக்கும் எது எங்கே இறங்க வேண்டும் என்று சைட் பிளானில் வரைந்து வாசலில் ஒட்டுங்கள்.

ஆட்களும் சப்ளைதான். வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் தீபாவளி, சட் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள், நம்மவர்களுக்குப் பொங்கல். இதெல்லாம் காலண்டரில் இருக்கும் தேதிகள், ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் திடீரென்று நடந்தது மாதிரி திகைப்போம். அந்த வாரங்களுக்குப் பூச்சுக்கான பொருளை இறக்கிவைக்காமல் இருந்தாலே போதும்.

பணம். நீங்கள் கடனுக்கு வாங்கினால் அந்த வட்டி ரேட்டுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகத் தெரியாது அவ்வளவுதான். சப்ளையரிடம் இரண்டு விலை கேளுங்கள், ஏழு நாளில் கொடுத்தால் என்ன, 45 நாளில் கொடுத்தால் என்ன. வித்தியாசத்தை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் உங்கள் வங்கி ஓவர்டிராஃப்ட்டே மலிவு என்று பல சமயம் தெரியும். சட்டமும் இப்போது பின்னால் நிற்கிறது. குறு, சிறு நிறுவனங்களாகப் பதிவு செய்த உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஆண்டு முடியும்போது அந்தக் கெடு தாண்டியும் நிலுவையில் இருக்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. கிரஷரும் செங்கல் சூளையும் இதில் வரும், வாங்கி விற்கும் ஹார்டுவேர் கடை வராது. உங்கள் ஆடிட்டரிடம் யார் யார் உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான பதிவு) வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் மலிவு என்ற ஆசையிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அபார்ட்மென்ட் விற்கும் பில்டர் 1 அல்லது 5 சதவீத ஜிஎஸ்டி முறையில் இருந்தால், கொள்முதலில் 80 சதவீதமாவது ஜிஎஸ்டி பதிவு பெற்றவரிடமிருந்து இருக்க வேண்டும். குறைந்தால் குறைந்த அளவுக்கு 18 சதவீத வரியை நீங்களே கட்ட வேண்டும். மலிவாக வாங்கியது எங்கே போச்சு என்று அப்போது தெரியும்.

பணம் கொடுப்பதை எளிதாக்க ஒரு வழி: மாதத்தில் இரண்டு நாளை நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள், உதாரணமாக 10, 25. சலானும் அளவுச் சீட்டும் சரியாக இருக்கும் பில்லுக்கு அன்று பணம் போய்விடும், யாரும் போன் பண்ணத் தேவையில்லை. தகராறு இருந்தால் தகராறான தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை அனுப்புங்கள். 200 ரூபாய் வித்தியாசத்துக்காக இரண்டு லட்ச ரூபாய் பில்லை ஒரு மாதம் கிடப்பில் போடும் பழக்கம்தான் சப்ளையரை மிகவும் வெறுப்பேற்றுவது.

கடைசியாகச் சாஃப்ட்வேர். நான்கைந்து சைட்டுக்கு இப்போதைக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். சைட், பொருள், அளவு, கேட்ட தேதி, உத்தேசத் தேதியா உறுதித் தேதியா, சப்ளையர், வந்த தேதி, வந்த அளவு, பில் எண், பணம் கொடுத்த தேதி. இவ்வளவுதான் பத்திகள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போவதை நிறுத்துங்கள், அதில் குட் மார்னிங்குக்கு நடுவில் மூன்று யூனிட் ஜல்லி காணாமல் போகும். எல்லா சைட்டுக்கும் வாங்குவது ஆபீஸில் ஒரே ஆளாக இருக்கட்டும், பெறுவது சைட்டில் வேறு ஆளாக இருக்கட்டும், இரண்டும் ஒரே கையில் வேண்டாம். மூன்று மாதம் ஒழுங்காக ஓட்டினால் எந்தச் சப்ளையர் எத்தனை முறை சொன்ன நாளில் வந்தார், நீங்கள் எத்தனை முறை தேதியை மாற்றினீர்கள், எந்தப் பொருள் எத்தனை நாள் சைட்டில் சும்மா கிடந்தது என்று மூன்றும் தெரிந்துவிடும். அதன்பிறகும் ஷீட் தாங்கவில்லை என்றால் ஈஆர்பி (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் சாஃப்ட்வேர்) பாருங்கள். விற்பவர் டெமோ காட்ட வரும்போது அவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கைப் பார்க்க வேண்டாம். போன வாரம் உங்கள் சைட்டுக்கு வந்த சலான்களைக் கொடுத்து, உங்கள் ஸ்டோர் கீப்பரையே போனில் ஏற்றச் சொல்லுங்கள். வெயிலில் நின்றுகொண்டு ஒரு சலானை இரண்டு நிமிடத்துக்குள் அவரால் ஏற்ற முடியாவிட்டால் அந்தச் சாஃப்ட்வேரை வாங்காதீர்கள்.